நிகர எடை

கோணவட்டத்தில் எடைமேடை. எனக்கு இரவுப் பணி.
லாரி ஏறும், நிற்கும்,
சிவப்பு எண் கொஞ்சம் நடுங்கி அடங்கும்.
பாரத்தோடு பதினாறாயிரத்து நானூறு,
வெறும் வண்டி ஏழாயிரத்து அறுநூறு,
மீதி எட்டாயிரத்து எண்ணூறு.
அதுதான் சரக்கு. அதற்குத்தான் காசு.

மாத்திரையும் அப்படித்தானே என்று
ஒரு நாள் சீட்டின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
அட்டையில் முந்நூறு மில்லிகிராம் என்றிருக்கும்.
கார்பனேட்டுதான் வண்டி.
எழுபத்து நாலு கிராமுக்கு ஒரு மோல்,
வகுத்தால் நாலு மில்லிமோல் சொச்சம்.
வண்டிக்கு இரண்டு லித்தியம்,
ஆக எட்டு. எட்டை ஏழால் பெருக்கு.
ஐம்பத்தாறு மில்லிகிராம்.
மீதி இருநூற்று நாற்பத்து நாலும்
ஏற்றி வந்து இறக்கிவிட்டுப் போகிற வண்டி.

வேதியியலில் கடைசி வருடம்
இரண்டு தாள் தேறாதவன் நான்.
ஒட்டிக்கொண்டு நின்றது இந்த ஒரு கணக்கு.
அணுவாக்கு என்றால் அதையும் செய்வேன்:
ஏறக்குறைய ஐந்து கோடி கோடி கோடி.
ஒரு மாத்திரைக்கு.
காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு.

தண்ணீரில் மிதக்கிற உலோகம் அது.
இருக்கிற உலோகத்திலெல்லாம் லேசு.
அதைத்தான் எனக்குப் பாரமாக
வைத்திருக்கிறார்கள்.

வைக்காமல் விட்ட ஓர் ஆவணியில்
பதினோரு நாள் தூங்காமல் இருந்தேன்.
பதினேழு லாரிக்குச் சீட்டில்
சுழியம் என்று எழுதிக் கொடுத்தேன்.
செங்கல், ஜல்லி,
பேரணாம்பட்டுக்குப் போகும் பச்சைத் தோல்,
எல்லாம் சுழியம்.
எதற்கும் எடை இல்லை என்பது
அன்றைக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.
டிரைவர்கள் சிரித்தார்கள்.
ஒருவன் மட்டும் என் வண்டிச் சாவியை எடுத்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
ரேணுவுக்குப் போன் செய்தான்.
அவன் பேர் இன்னும் எனக்குத் தெரியாது.

பாகாயத்தில் ஜாஸ்பர் ரத்தம் எடுப்பான்.
கிராமில் விழுங்கியதை
மோலில் திருப்பிக் கேட்பார்கள்.
லிட்டருக்குப் புள்ளி எட்டு என்று வந்தால் நல்ல மாதம்.
சொட்டுக்கு இருநூற்று நாற்பது கோடி கோடி.
அத்தனை பேர் காவல் இருந்துதான்
நான் சாதாரணமாக ஒரு டீ குடிக்கிறேன்.
புள்ளி நாலு என்றால்
ரேணு என் பேச்சின் வேகத்தைக் கவனிப்பாள்.
ஒன்றைத் தாண்டினால் கையை.

அக்னி நட்சத்திரத்தில் அது தாண்டும்.
உப்பெல்லாம் சட்டையில் வெள்ளையாய்ப் பூத்துவிட,
சிறுநீரகம் ஏமாந்து
லித்தியத்தை உப்பென்று பிடித்து வைக்கும்.
மாத்திரை கூடவில்லை. வெயில் கூட்டிவிட்டது.
பேனா பிடிக்க முடியவில்லை.
"இன்னா ஏகாம்பரம், கை இப்டி ஆடுது?
சாயங்காலமே ஏத்திக்கினியா?"
"ஒன்று புள்ளி நாலுப்பா" என்றேன்.
"குவார்ட்டரா?" என்றான்.

எனக்குச் சொல்லத் தெரியாத மாற்றல் ஒன்று உண்டு.
கிராமிலிருந்து மோல், மோலிலிருந்து அணு,
அங்கேயிருந்து
மகளின் மார்க் அட்டையில்
ஒரே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு
அமைதியாக நகர்வதற்கு
எந்த எண்ணால் பெருக்க வேண்டும்?
டாக்டரிடம் கேட்டேன்.
தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார்.

மணி மூன்று. சாலையில் யாரும் இல்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு மேடை மேல் ஏறி நின்றேன்.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் இது.
ஆஸ்பத்திரியில் அறுபத்து நாலு கிலோ,
இங்கே அறுபது.
நாலு கிலோ நான் எங்கேயோ கணக்கில் வரவில்லை.
அந்த நாலிலா இருக்கிறது அது,
அறுபதிலா?

ஆரன் அடித்தான் ஒருவன்.
ஆந்திரா வண்டி, தக்காளி.
இறங்கினேன். எண் சுழியத்துக்குப் போயிற்று.
செருப்பைத் தேடும்போதே
முன் சக்கரம் ஏறிவிட்டது.